ரத்தக் கழிச்சலும் ஒட்டிக்கொள்ளும் அணுக்களும்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் பாட்டி மொட்டை மாடியில் ஐந்தாறு நாட்டுக்கோழி வளர்த்தார். ஜூலை மாத மழை பிடித்துக்கொண்டால் அவருக்கு ஒரே கவலை, ரத்தக் கழிச்சல். குஞ்சு இறகை விரித்துக்கொண்டு மூலையில் குந்தும், எச்சம் சிவப்பாகப் போகும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். "கூடு ஈரமா இருந்தா வரும்டா" என்று சொல்லி அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவுவார். எட்டுக் குஞ்சில் இரண்டு தேறிவிடும். தேறியதற்கு அந்த நோய் மறுபடி வந்து நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு குஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதுதான் இன்று என் வேலை. ஹெப்பாள் பக்கம் ஓர் ஆய்வகத்தில் கோழி ரத்த அணுக்களை வளர்க்கிறேன்.

பாட்டி சொன்ன ஈரம் சரியான கணிப்பு. ரத்தக் கழிச்சலுக்குக் காரணம் ஐமீரியா டெனெல்லா என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளியே விழும் அதன் முட்டை போன்ற உறை உடனே நோய் தராது. ஈரம், வெதுவெதுப்பு, காற்று மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உள்ளுக்குள் முதிரும். முதிர்ந்த ஓர் உறைக்குள் எட்டு ஒட்டுண்ணிகள் காத்திருக்கும். குஞ்சு அதைக் கொத்தி விழுங்கியதும் இரைப்பை அரைத்து உறையை உடைக்கிறது. பித்தமும் செரிமான நொதியும் மிச்சக் கதவைத் திறந்துவிடுகின்றன. ஒட்டுண்ணி குடல் சுவருக்குள் நுழைந்து பெருகுகிறது. சாம்பல் தரையை உலர்த்தினால் உறை முதிராது.

அப்புறம் குடலுக்குள் என்ன ஆகிறது என்பதை நேரில் பார்க்க முடியாது. அதனால்தான் ரத்தத்தை வெளியே எடுத்து, தட்டில் வளர்த்துப் பார்க்கிறோம்.

கோழியின் இறக்கை ரத்தக்குழாயிலிருந்து இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். மனித ரத்தமாக இருந்தால் சுழற்சி இயந்திரத்தில் போட்டதும் வெள்ளையணுக்கள் தனி வளையமாக நின்றுவிடும். கோழி அவ்வளவு சுலபமாகப் பிரிந்து தராது. நம் சிவப்பணுவில் உட்கரு இல்லை, கோழியின் சிவப்பணுவில் உண்டு. ரத்தம் உறைய உதவும் நம் தட்டணுக்கள் வெறும் துணுக்குகள். கோழியில் அந்த வேலையைச் செய்வது த்ராம்போசைட் என்ற முழு அணு. அதற்கும் உட்கரு உண்டு, அளவும் கிட்டத்தட்ட லிம்போசைட் என்ற வெள்ளையணு போலவே இருக்கும், வேறு அணுக்களோடு கலந்து ஒரே படலத்தில் வந்து நிற்கும். அதனால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். புதிதாக வருபவர்கள் அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டும் இடம் இதுதான்.

பிரித்த அணுக்களை ஊட்டக் கரைசலோடு சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி இன்குபேட்டரில் வைக்கிறோம், 41 டிகிரியில். நமக்கு அது கடும் காய்ச்சல், கோழிக்கோ இயல்பான உடற்சூடு. முதல் சில மணி நேரத்தில் எல்லாம் கடுகு போல உருண்டையாக இருக்கும். அவற்றில் மோனோசைட் என்ற வகை மட்டும் தட்டின் அடியில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். மறுநாள் மெல்லக் கழுவினால் ஒட்டாதவை போய்விடும். கூட ஒட்டிய த்ராம்போசைட்களும் ஒன்றிரண்டு நாளில் கழன்றுவிடும். மிஞ்சிய மோனோசைட்கள் மூன்றாம் நான்காம் நாளில் ஆஃப்பாயில் மாதிரி பரந்து, நடுவில் மேடும் சுற்றிலும் மெல்லிய பாவாடையுமாக ஆகிவிடுகின்றன. இப்போது அதன் பெயர் மேக்ரோபேஜ், அதாவது பெருந்தீனி அணு. இன்னும் சில நாள் விட்டால் பல அணுக்கள் ஒன்றாகக் கலந்து பேரணுவாகும். கோழி ரத்தத்தின் இந்த வகை அணுவை நியூயார்க் ராக்கஃபெல்லர் ஆய்வகத்தில் கரெலும் ஏபெலிங்கும் 1922-லேயே தனியாக வளர்த்துக் காட்டினார்கள். நூறு வருடம் கழித்துப் பார்க்கும் எனக்கும் அந்த மாற்றம் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் இருக்கிறது.

இந்த அணு விழுங்குவதோடு நிற்பதில்லை. பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கைக் கொஞ்சம் கரைசலில் போட்டால் மறுநாளைக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கி எதிரி மேல் பாய்ச்சும். வாயு நொடிகளில் மறைந்து நைட்ரைட்டாக மாறிவிடும். கிரீஸ் என்ற சோதனைக் கரைசலைச் சேர்த்தால் நைட்ரைட் உள்ள குழி ரோஸ் நிறமாகும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அணு அவ்வளவு போராடியிருக்கிறது. இந்த வாயுவைச் செய்ய மூலப்பொருள் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம். நம் உடல் அதை ஓரளவு தானே செய்துகொள்ளும். கோழியால் முடியாது, முழுக்கத் தீவனத்திலிருந்துதான் வர வேண்டும். ஊட்டக் கரைசலில் ஆர்ஜினைனை விட்டுவிட்டால் குழி ரோஸ் ஆவதில்லை. கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் ஆர்ஜினைன் நிறைந்தவை என்பதைக் கோழி வளர்ப்பவர்களுக்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.

சரி, ஒட்டுண்ணியைச் சேர்ப்போம். கண்ணாடி மணிகளோடு குலுக்கி உறையை உடைத்து, பித்த உப்பும் நொதியும் கலந்த வெதுவெதுப்பான கரைசலில் ஐமீரியாவை வெளியே வரவைக்கலாம். வாழைப்பழம் போல வளைந்த உடல், வழுக்கிக்கொண்டே நகரும். இதுவரை நோயே பார்க்காத கோழியின் மேக்ரோபேஜ்கள் மேல் விட்டால் சீக்கிரமே பல உள்ளே போய்விடுகின்றன. சிலவற்றை அணு விழுங்குகிறது, சில தாமே துளைத்து நுழைகின்றன. நுழைந்தது தன்னைச் சுற்றி ஒரு பை அமைத்துக்கொள்கிறது. அணுவின் செரிமானப் பைகள் அதோடு சேர முடியாது. தின்ன வேண்டிய அணுவே ஒளிவிடம் ஆகிவிடுகிறது.

நோயிலிருந்து தேறிய கோழியின் ரத்தத் தெளிவை (சீரம்) முதலில் ஒட்டுண்ணி மேல் ஊற்றிவிட்டு அதே சோதனையைச் செய்தால் கதை மாறுகிறது. அந்தத் தெளிவில் உள்ள எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) பூசிய ஒட்டுண்ணியை மேக்ரோபேஜ் பிடித்து அழிக்கிறது. அப்படியானால் தேறிய குஞ்சைக் காப்பாற்றியது எதிர்ப்புரதம்தானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தட்டு முழுக் கோழி ஆகாது. எதிர்ப்புரதத்தைச் செய்பவை பி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள். கோழியின் மலவாய்க்கு மேலே உள்ள பர்சா என்ற பை இல்லாவிட்டால் எதிர்ப்புரதம் சரியாக உண்டாகாது என்று புரூஸ் கிளிக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1956-ல் எழுதினார்கள். பி என்ற எழுத்தே அந்தப் பையின் பெயரிலிருந்து வந்ததுதான். அந்தப் பையை நீக்கிய கோழிகளும் ஐமீரியாவிலிருந்து தேறின, மறுபடி தொற்றியபோதும் தாக்குப்பிடித்தன! முக்கிய வேலை டி அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களுடையது. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைத் தட்டில் சேர்த்தால், உள்ளே புகுந்த ஒட்டுண்ணியின் வளர்ச்சி குன்றுகிறது.

பறவை மலேரியாவில் இந்த ஒளிவிட வேலை இன்னும் மோசம். மலேரியா என்றால் பெங்களூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1883-ல் இங்கே ராணுவ மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ், தன் பங்களா அருகே தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டு தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. அவரே 1898-ல் கல்கத்தாவில் பறவைகளை வைத்து, கொசு வழியாக மலேரியா பரவுவதை நிரூபித்தார். கோழிக்கு வரும் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் கல்லினேசியத்தை, இலங்கைக் கோழிகளிலிருந்து கிடைத்ததை வைத்து 1935-ல் பிரம்ப்ட் விவரித்தார். இரண்டே ஆண்டில் ஜேம்ஸும் டேட்டும் அந்த ஒட்டுண்ணி சிவப்பணுவுக்கு வெளியேயும், மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் பெருகுவதைக் கண்டார்கள். மனித மலேரியா முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கோழி மலேரியா ஆரம்பத்தில் தேடிப் போவது மேக்ரோபேஜையே.

தேறிய குஞ்சுக்குத் திரும்புகிறேன். கூட்டில் முன்பே ஒன்றிரண்டு உறைகளைக் கொத்தியிருந்த குஞ்சு, மொத்தமாக விழுங்கும் நாளுக்குத் தயாராக இருந்திருக்கலாம். சிறு அளவில் திரும்பத் திரும்பத் தொற்றினால் எதிர்ப்பு வலுப்படும் என்பது நன்றாகத் தெரிந்தது. 1952-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த உயிர்த் தடுப்பு மருந்தும் இதையே செய்கிறது. ஆனால் கோழியைத் தாக்கும் ஐமீரியா இனங்கள் ஏழாவது உண்டு. ஒன்றிலிருந்து தேறியது இன்னொன்றை எதிர்கொள்ளும்போது அந்த எதிர்ப்பு பெரும்பாலும் உதவாது. இந்த வாரம் தேறிய கோழியின் டி அணுக்களையும் மேக்ரோபேஜ்களோடு ஒரே தட்டில் விட்டிருக்கிறேன், பாதிக் குழிகளில் டெனெல்லா, மீதியில் மாக்ஸிமா என்ற இன்னொரு ஐமீரியா இனம். வெள்ளிக்கிழமை கிரீஸ் கரைசல் ஊற்ற வேண்டும்.