கத்தியில் இருக்கும் எண் அது பிறந்த வருஷம் இல்லை

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். தாத்தா முடிதிருத்தும் தொழில் செய்தவராம். அவருடைய அடைப்பத்தில், அதாவது தொழில் சாமான் பையில், கிடைத்த மடக்குச் சவரக்கத்தி ஒன்றைக் கர்ச்சீப்பில் சுற்றி, டப்பாவோடு எடுத்து வந்திருந்தார்.

"அண்ணா, 1731ல செஞ்சது. டப்பாவுலயே போட்டிருக்கு. மியூசியத்துல எவ்ளோ குடுப்பாங்கணா?"

விரித்துப் பார்த்தேன். அலகுக்கும் பிடிக்கும் நடுவில் இருக்கும் தண்டில் இரட்டையர் முத்திரை, மறுபக்கம் 'ரோஸ்ட்ஃப்ரை'. ஜெர்மன் மொழியில் துருப்பிடிக்காதது என்று அர்த்தம். துருப்பிடிக்காத எஃகை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கியதே 1913இல்; ஜெர்மனிக்காரர்களும் ஏறக்குறைய அதே சமயம்தான். அப்புறம் எங்கிருந்து 1731? ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் பீட்டர் ஹென்கெல்ஸ் இரட்டையர் சின்னத்தைப் பதிவு செய்த வருஷம் அது. நூறு வருஷமாக நடக்கிற மிட்டாய்க் கடையில் நேற்று வாங்கிய லட்டுக்கு நூறு வயசா?

இந்த மாதத்தில் இது நாலாவது ஆள். அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். டப்பாவில் அச்சடித்த வருஷம் கம்பெனியின் பிறந்தநாள். தண்டில் தனியாக நிற்கும் இரண்டு மூன்று இலக்க எண், பெரும்பாலும் மாடல் எண். 5/8, 6/8 என்று சொல்வது அலகின் அகலம். அங்குலத்தை எட்டாகப் பிரித்த கணக்கு. இதில் எதுவும் வயசு இல்லை. 'பெங்கால்' என்று பொறித்திருந்தால் வங்காளத்தில் செய்ததும் இல்லை. அது ஷெஃபீல்டில் கேட்மன் கம்பெனி வைத்த பெயர். ஆங்கிலத்தில் கடைசி 'எல்' இரண்டு தடவை வரும், எண்ணிப் பாருங்கள்.

வயசு தெரிய வேண்டுமானால் தண்டைப் படியுங்கள். ஆணிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் அந்த விரல்கடை இடம்தான் கத்தியின் ஜாதகம். கிரீடமும் 'வி.ஆர்.' எழுத்தும் இருந்தால் விக்டோரியா ராணி, 1837 முதல் 1901 வரை. (அதை 'வேலூர் ரெஜிமென்ட்' என்று படித்து, 1806 சிப்பாய்ப் புரட்சியில் கோட்டைக்குள் கிடந்த கத்தி என்று சத்தியம் செய்தவரும் உண்டு. ராணி பிறந்ததே 1819இல், ஐயா.) 'டபிள்யூ.ஆர்.' என்றால் நாலாம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. 'ஜி.ஆர்.' மட்டும் பார்த்துத் துள்ளாதீர்கள். ஜார்ஜ்கள் அதற்கு முன்னும் இருந்தார்கள், 1910க்குப் பிறகும் வந்தார்கள்.

நாட்டின் பெயரும் பேசும். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அங்கே சட்டம் வந்தது. நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. இல்லையென்றால் முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் பேச்சே வேண்டாம், 1949க்குப் பிறகுதான்.

பிடியை வைத்து வயசு சொல்லாதீர்கள். பிடி உடைந்தால் மாற்றுவார்கள், தாத்தாவும் மாற்றியிருப்பார். தந்தமா என்று பார்க்க ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தும் வேலை வேண்டவே வேண்டாம். பழைய பிடிகளில் பல செல்லுலாய்டு என்ற அந்தக் கால பிளாஸ்டிக், குப்பென்று பிடித்துக்கொள்ளும். நிஜமாகவே தந்தம் என்றால் விலை கேட்டு எனக்கு வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்தம் விற்பதும் வாங்குவதும் குற்றம், எவ்வளவு பழசானாலும்.

செல்லுலாய்டு பிடி நொறுங்க ஆரம்பித்தால் அதிலிருந்து வரும் ஆவியே அலகை அரித்துவிடும். அந்தக் கத்தியை மூடி வைக்காமல் தனியாக வையுங்கள். துரு தெரிந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள், போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். உப்புத்தாள் கூடாது. மண்டித் தெருப் பக்கம் கொண்டுபோய்ச் சாணை பிடிக்கவும் கூடாது. உங்கள் தாடையில் வைத்துப் பார்ப்பது அறவே கூடாது. கும்பிட்டுக் கேட்கிறேன், முதலில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் தண்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். தேய்ந்த எழுத்துகூட நிழலில் எழுந்து நிற்கும்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடமும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, பையிலிருந்து இன்னொரு கத்தியை எடுத்தார். அலகு ஆப்பு மாதிரி தடிமன், வால் குட்டை; நிஜமாகவே பழைய கத்தியின் லட்சணம். எனக்குக் கை நடுங்கியது.

"இது கறுப்பா கெடந்துச்சுணா. ஃப்ரெண்டு பட்டறையில கிரைண்டர்ல வச்சுப் பளபளன்னு ஆக்கிட்டோம்."

தண்டில் கிரீடத்தின் மேல் பாதி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே என்ன எழுத்து இருந்ததோ, அந்த இடத்தில் என் முகம் தெரிந்தது.