கண்ணாடியில் கண் எங்கே நிற்கிறது?

'பார்க்க நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று எத்தனை முறை சொன்னாலும் மகள் நம்புவதில்லை, ஏன்?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 2 பாகை. ஒரு நேரத்தில் நம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிவது அவ்வளவுதான், சுற்றியிருப்பதெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே அதிகம் நிற்கிறதோ அதுவே மனதில் பெரிதாகப் பதிகிறது.

நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தில் அனிட்டா யான்சன் குழுவினர் 2005-இல் இந்தத் தாவலைக் கருவியால் அளந்தார்கள். உணவு, எடை பற்றிய கவலை மிகுந்த பெண்களின் பார்வை, சொந்தப் படத்தில் தமக்குப் பிடிக்காத பகுதிகளிலேயே அதிகம் நின்றது. அடுத்தவர் படத்திலோ அழகான பகுதிகளைத் தேடிப் போனது. கவலை இல்லாத பெண்களிடம் இது அப்படியே தலைகீழ்! ஆக, தன்னைத் தானே உயர்த்திப் பார்க்கும் சின்னச் சலுகை நம்மில் பலருக்கு இருக்கிறது. சிலரிடம் அது இல்லை.

பிடிக்காததால் பார்க்கிறார்களா, பார்த்துப் பார்த்துப் பிடிக்காமல் போகிறதா? 2011-இல் அதே பல்கலைக்கழகத்தார் இதையும் சோதித்தார்கள். பிடிக்காத பகுதிகளையே கவனிக்கப் பழக்கியதும் பெண்களின் திருப்தி குறைந்தது. ஏற்கெனவே அதிருப்தியில் இருந்தவர்களைப் பிடித்த பகுதிகளைக் கவனிக்கப் பழக்கியபோது திருப்தி கூடியது. பார்வையே காரணமாகவும் இருக்க முடியும் என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான முடிவு.

ஆலோசகர்கள் இதைக் கண்ணாடிப் பயிற்சியாகச் செய்கிறார்கள். முழு உயரக் கண்ணாடி, உடல் வடிவம் தெரியும் உடை, 30 முதல் 45 நிமிடம். தலைமுடியில் தொடங்கிப் பாதம் வரை எதையும் தாண்டாமல், எதிலும் தேங்காமல் வாய்விட்டு விவரிக்க வேண்டும். நிறம், வடிவம், அளவு, தோலின் தன்மை மட்டுமே வரலாம். 'வயிறு அசிங்கம்' என்றால் ஆலோசகர் நிறுத்துவார். 'தொப்புளுக்குக் கீழே வளைவு, இரண்டு மடிப்பு, இடப்பக்கம் ஒரு மச்சம்' என்றால் தொடரச் சொல்வார். கேட்பவர் அதை வைத்தே படம் வரைய முடிய வேண்டும். டெலின்ஸ்கி, வில்சன் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றே அமர்வுகளில் பலன் தெரிந்தது.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை பதற்றத்தை 0 முதல் 100-க்குள் சொல்லச் சொல்வார்கள். முதலில் ஏறும், பிறகு மெல்ல இறங்கும். சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். உச்சத்தில் இருக்கும்போது 'போதும்' என்று நிறுத்தினால், கண்ணாடியை விட்டு ஓடினால்தான் நிம்மதி என்று மூளை கற்றுக்கொள்ளும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நிற்பதும் ஒருவகை ஓட்டமே. ஆலோசகர் மனமிளகி 'அழகாகத்தானே இருக்கிறீர்கள்' என்று சொல்லிவிட்டாலும் பயிற்சி கெட்டது. அமர்வு மறுபடி தீர்ப்புக்குப் போய்விடுகிறது.

பயிற்சிக்கு வெளியே, இடுப்பைக் கிள்ளிப் பார்ப்பது, ஒரே நாளில் பலமுறை எடை பார்ப்பது போன்றவற்றை முதலில் ஒரு வாரம் எழுதிவைக்கச் சொல்லி, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள்.

வாசகியின் கேள்விக்கு வருவோம். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல மகளின் கண் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். பாராட்டு சில நிமிடம் தாங்கும், பிறகு அதே கேள்வி திரும்பி வரும். 'நான் குண்டா?' என்றால் ஆமாம், இல்லை இரண்டுமே வேண்டாம். 'இன்று எதனால் இந்த நினைப்பு வந்தது?' என்று கேளுங்கள். அவள் முன்னால் உங்கள் உடலையும் குறைசொல்லாதீர்கள்.

கண்ணாடிப் பயிற்சியை வீட்டில் நீங்களே தொடங்கிவிட வேண்டாம். சாப்பாட்டை வெகுவாகக் குறைத்திருந்தாலோ, சாப்பிட்டபின் வாந்தி எடுத்தாலோ, எடை விரைவாக இறங்கினாலோ, மாதவிடாய் நின்றிருந்தாலோ முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். இல்லாத ஒரு குறையைப் பற்றியே நாளின் பல மணி நேரம் யோசிப்பவளுக்கு மனநல மருத்துவரின் மதிப்பீடு தேவை. அதற்கான சிகிச்சை முறை வேறு.