மாவு உப்பு ஏன் கட்டிப் போகிறது?

ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம், கோப்பேரிமடம் பக்கத்துக் கல்லுப்பை ஸ்ப்ரே டிரையரில் (உப்பு நீரைச் சூடான காற்றில் தெளித்துக் காயவைக்கும் எந்திரம்) 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒன்று) பொடியாக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது நாசிலைப் பற்றி, அதாவது நீரைத் துளியாக்கும் தெளிப்பு முனையைப் பற்றி. விசாரிக்க வேண்டியது மெக்னீசியத்தைப் பற்றி.

பாத்தியில் வாரிய உப்பின் மேல் கசப்பு நீர், அதாவது உப்பு படிந்தபின் மிஞ்சும் நீர், ஒட்டியிருக்கும். அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுக்கும். சுத்தமான உப்பு 75 சதவீதம் வரை தாங்கும். நம் கரையில் இரவுக் காற்று அதையும் தாண்டும். வாடைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். பொடி நுண்மையாக நுண்மையாகப் பரப்பு கூடுவதால், ஈரம் ஏறுவதும் வேகமாகிவிடும்.

ஆகவே உப்பைத் தெளிந்த நிறைசெறிவு உப்பு நீரில் (இனி உப்பு கரையாத அளவு நிறைந்த நீரில்) கழுவி, நல்ல தண்ணீரில் கரையுங்கள். சுண்ணாம்பு சேர்த்து பிஎச் எனும் காரத்தன்மை அளவை 11க்கு ஏற்றினால் மெக்னீசியம் படிந்துவிடும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மெக்னீசியம் போன இடத்தில் கால்சியம் குளோரைடு வந்திருக்கும். அதுவும் அதே அளவு ஈரம் இழுக்கும். சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்) போட்டு அதையும் படியவைத்து, வடிகட்டி, உணவுத்தர ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச்சை 7க்கு இறக்க வேண்டும்.

நாசிலுக்குப் போகும் நீரில் எடைக்கு 20 சதவீத உப்பு போதும். நிறைசெறிவான 26 சதவீதத்தை நெருங்கினால் நாசில் முனையிலேயே படிகம் முளைத்துத் துளி பெருக்கும். 20 சதவீத நீரின் 20 மைக்ரான் துளி, உள்ளே பொள்ளலில்லாமல் காய்ந்தால், 9 முதல் 10 மைக்ரான் துகளாகும். இன்னும் நுண்மை வேண்டுமென்று நீரை நீர்க்க வைக்காதீர்கள். துகள் விட்டம் பாதியாகச் செறிவு எட்டில் ஒன்றாக வேண்டும். கிலோ உப்புக்கு 4 கிலோ தண்ணீரை ஆவியாக்கும் இடத்தில் சுமார் 35 கிலோ ஆவியாக்க நேரும். எரிபொருள் செலவே தொழிலை முடித்துவிடும். நாசிலின் காற்றழுத்தத்தைக் கூட்டித் துளியைச் சிறிதாக்குவதே சரி.

உள்ளே போகும் காற்று 180 முதல் 200 டிகிரி, வெளியேறும் காற்று 100 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். வெளியேறும் காற்று குளிர்ந்தால் பொடி சுவரில் ஒட்டும், அந்தக் காற்றிலுள்ள பொடியைத் துணிப்பையில் பிடிக்கும் பை வடிகட்டியும் அடைபடும். 5 மைக்ரானுக்குக் கீழான துகள்கள் பெரும்பாலும் காற்றைச் சுழற்றிப் பொடியைப் பிரிக்கும் சைக்ளோனில் தங்காது என்பதால் பை வடிகட்டி கட்டாயம்.

பொடியைத் திறந்த தட்டில் ஆறவிடாதீர்கள். மூடிய தொட்டியில் 40 டிகிரிக்கு ஆறவைத்து, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் உள்ள அறையில் லேமினேட் பையில் அடையுங்கள். எந்திரத்தை நிறுத்துமுன் 10 நிமிடம் வெறும் தண்ணீர் ஓட்டுங்கள். சூடான குளோரைடு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குழிகுழியாக அரிக்கும். 316எல் ரகம் அதைவிடத் தாங்கும், ஆனாலும் வெல்டிங் ஓரங்களில் விரிசல் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.