செத்த லிப்போவை எழுப்பப் பார்க்காதீர்கள்

நேற்று ஒரு ஏர்சாஃப்ட் துப்பாக்கி, அதாவது பிளாஸ்டிக் பந்து சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, ரிப்பேருக்கு என் மேசைக்கு வந்தது. அதன் பின்பக்கக் குழாயான பஃபர் ட்யூபுக்குள் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பி, இறுகிப் போய்க் கிடந்தது. கொண்டுவந்த தம்பி முதலில் வயரைப் பிடித்து இழுத்திருக்கிறார், ஒரு வயர் கையோடு வந்துவிட்டது. அப்புறம் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பிப் பார்த்திருக்கிறார். ஸ்க்ரூடிரைவர்! லிப்போவுக்கு இரும்புக் கூடு எதுவும் கிடையாது, மெல்லிய பைக்குள்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு நுனி குத்தியிருந்தால் அவர் என்னிடம் வந்திருக்க மாட்டார், வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன். "ரொம்ப நாளா சும்மா கிடந்துச்சுண்ணா. சார்ஜர் எடுக்கவே இல்ல. சார்ஜர்ல நிக்கல் பேட்டரிக்கான மோடுல கொஞ்ச நேரம் போட்டு எழுப்பினேன், அப்புறம் நல்லாத்தான் ஓடுச்சு" என்றார். இந்த மாதத்தில் இதே கதையோடு வந்த மூன்றாவது ஆள் அவர். மூன்று பேருமே நல்ல பிள்ளைகள், கண்ணாடி போடாமல் களத்தில் கால் வைக்காதவர்கள். பேட்டரி விஷயத்தில் மட்டும் யாரோ சொன்னதைக் கேட்டு நடக்கிறார்கள்.

இந்த 'எழுப்புதல்' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளில் நானே செய்திருக்கிறேன். முழுசாகத் தீர்த்துவிட்டுச் சார்ஜ் போடு, பாதியில் போட்டால் அதற்கு 'ஞாபகம்' வந்து அடுத்த தடவை அந்தப் பாதி வரைதான் ஓடும் என்று அப்போது சொல்லுவார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. நிக்கல் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், 1 வோல்ட் வரை இறக்கினாலும் அது தாங்கிக்கொள்ளும். அந்தக் காலம் போய் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வந்தது, அதற்குப் பின் லிப்போ வந்தது. பேட்டரி மாறிவிட்டது, வாய்வழியாக வந்த புத்திமதி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: லிப்போவுக்கு ஞாபகமும் கிடையாது, மறதியும் கிடையாது. அதை முழுசாகத் தீர்க்கவே கூடாது, பாதியில் சார்ஜ் போட்டால் அதற்கு நல்லதுதான்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு லிப்போ செல் நிரம்பினால் 4.2 வோல்ட். மேலே அச்சடித்திருக்கும் 3.7 என்பது சராசரி அளவு. 7.4 வோல்ட் பேட்டரியில் இரண்டு செல், நிரம்பினால் 8.4 காட்டும். 11.1 வோல்ட் பேட்டரியில் மூன்று செல், நிரம்பினால் 12.6 காட்டும். "மீட்டர்ல 7.4 இருக்கு, ஃபுல்லா இருக்கு" என்று ஃபோன் செய்பவர்களே, ஓய்வில் இருக்கும்போது 7.4 காட்டினால் அது தீரப்போகிற பேட்டரி. செல் ஒன்று 3.5 அளவுக்கு வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி பேட்டரியை மாற்றிவிடுங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே போகவே கூடாது.

அதிலும் மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மொத்தம் 6.6 காட்டுகிற பேட்டரியில் ஒரு செல் 3.7, இன்னொன்று 2.9 என்று இருக்கலாம். அந்த வெள்ளைப் பிளக்கோடு வரும் பேலன்ஸ் வயர் இதைப் பார்க்கத்தான் இருக்கிறது. அதில் செருகினால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் காட்டும் சின்ன மீட்டர்கள் கிடைக்கின்றன, ஒன்று வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். கீழே இறங்கினால் கத்துகிற பஸ்ஸரோடு வருவதும் உண்டு.

"துப்பாக்கி நல்லாத்தானே சுட்டுக்கிட்டு இருந்துச்சு" என்பார்கள். சுடும். நிக்கல் பேட்டரி களைத்துப் போவதை விரல் உணரும், சுடும் வேகம் மெல்ல மெல்லக் குறையும். லிப்போ கடைசி வரை முறுக்காக ஓடிவிட்டு, கடைசியில் மாடிப்படியில் உருண்ட மாதிரி ஒரேயடியாக விழும். வேகம் குறைந்ததை நீங்கள் உணர்வதற்குள் ஏதாவது ஒரு செல் எல்லையைத் தாண்டியிருக்கும். சற்று நேரம் ஓய்வு கொடுத்தால் வோல்ட் மறுபடி ஏறி நிற்கும், அதைப் பார்த்து 'பரவாயில்லை, தப்பித்தது' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ரொம்ப ஆழமாக இறங்கிய செல்லுக்குள் நடப்பது இதுதான். மைனஸ் முனையைத் தாங்கி நிற்கும் செப்புத் தாள் கரைய ஆரம்பிக்கிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு இருந்த இடத்துக்கே ஒழுங்காகத் திரும்புவதில்லை, கண்ட இடத்தில் படிந்து முனை முனையாக வளர்கிறது. இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அதைத் தாண்டி செம்பு தொட்டுவிட்டால் செல்லுக்குள்ளேயே ஷார்ட். வெளியே எந்த ஃபியூஸ் போட்டிருந்தாலும் அது காப்பாற்றாது. எழுப்பிய அன்றைக்கே இது நடக்க வேண்டும் என்றில்லை, சில ஆட்டங்கள் தாராளமாக ஓடும். அதை நம்பித்தான் அடுத்தவருக்கும் இந்த வழியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதில் நிக்கல் மோடு வேறு. நிக்கல் சார்ஜிங்கில் பேட்டரி நிரம்பியதும் வோல்ட் லேசாக இறங்கும், சார்ஜர் அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறது. லிப்போவில் அந்த இறக்கம் வரவே வராது. சார்ஜர் காத்துக்கொண்டே இருக்கும், 4.2-ஐத் தாண்டியும் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கும். "அஞ்சே நிமிஷம்தான், பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன்" என்பவர்களை நான் நம்புவதில்லை, ஃபோன் வந்தால் எழுந்து போய்விடுவீர்கள். சார்ஜர் ஒரு பேட்டரியை எடுக்க மறுத்தால் சார்ஜர் பழுதாகவில்லை, உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

சும்மா கிடந்த பேட்டரி எப்படித் தீர்ந்தது? துப்பாக்கியிலேயே செருகி வைத்திருந்ததால்தான். மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் போட்ட துப்பாக்கிகளில் பல, ட்ரிக்கரைத் தொடாவிட்டாலும் துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும், சில வாரங்களில் பேட்டரி காலி. மாஸ்ஃபெட் இல்லாத சாதாரணத் துப்பாக்கியில் குறைந்த வோல்ட்டில் நிறுத்தும் ஏற்பாடே கிடையாது. ஆகவே ஆட்டம் முடிந்ததும் மேகசினைக் கழற்றி, உள்ளே தங்கிய பந்தை வெளியேற்றிவிட்டு, பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். எடுத்து வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், நல்ல சார்ஜர்களில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு மோடு இருக்கும். அடுத்த வாரம் வேண்டுமே என்று முழுசாக நிரப்பி வைப்பதும் பேட்டரியைக் கிழடாக்கும், ஆட்டத்துக்கு முந்தின நாள் நிரப்பினால் போதும்.

சார்ஜ் போடும்போது லிப்போ மோடு, பேலன்ஸ் வயர் செருகியிருக்க வேண்டும், 1300 எம்ஏஹெச் பேட்டரிக்கு 1.3 ஆம்பியர், அவ்வளவுதான். அவசரம் என்று அதை ஏற்றாதீர்கள். மெத்தை மேல் வேண்டாம், தூங்கும்போது வேண்டாம், உறைகுளிரில் கிடந்த பேட்டரியை அறைச் சூட்டுக்கு வரும் முன் வேண்டாம். தீத்தடுப்புப் பை நல்லதுதான், ஆனால் அது நேரம் வாங்கித் தரும், காவல் காக்காது.

ட்யூபுக்குள் போகும்போது பேட்டரி தானாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளங்கையால் அமுக்கித்தான் மூடி போட முடிகிறது என்றால் அது உங்கள் துப்பாக்கிக்கான பேட்டரி இல்லை, சின்னதாகப் பாருங்கள். வயர் உலோக விளிம்பில் நசுங்கி, உறை கிழிந்து வந்தவற்றையும் நிறையப் பார்த்திருக்கிறேன். (7.4-க்குக் கட்டிய கியர்பாக்ஸில் 11.1 போட்டு பிஸ்டன் பல்லை உதிர்ப்பவர்களை மட்டும் நான் திட்டுவதில்லை, என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.)

உப்பிவிட்டதா? ஊசியால் குத்திக் காற்றை எடுக்காதீர்கள், தயவுசெய்து. அது காற்றில்லை, எரியக்கூடிய வாயு. உப்புத் தண்ணீரில் ஊறப் போடுவதும் வேண்டாம், முனைகள் அரித்துப் போய்விடும், சார்ஜ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அப்புறம் அதை இறக்கவும் வழி இருக்காது. முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, எரியாத டப்பாவில் மணலோடு வைத்து, வீட்டுக்கு வெளியே வைத்திருந்து, பேட்டரி வாங்கிக்கொள்ளும் மறுசுழற்சி இடத்தில் கொடுங்கள். குப்பைத்தொட்டி வேண்டாம், அதை அள்ளுகிற லாரியில் எல்லாம் நசுக்கப்படும்.

தீப்பிடித்துவிட்டால் புகையை மூச்சில் இழுக்காதீர்கள், அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும். முடிந்தால் மெயினை அணைத்துவிட்டு, எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் லித்தியம் வெடிக்கும் என்று ஒரு பயம் உலவுகிறது. இந்த பேட்டரிகளுக்குள் லித்தியம் உலோகக் கட்டியாக இல்லை. நிறையத் தண்ணீர் சூட்டை இறக்கி, பக்கத்துச் செல்லுக்கும் சாமானுக்கும் பரவாமல் பார்த்துக்கொள்ளும்.

அந்தத் தம்பியின் ட்யூபைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, பேட்டரியோடு சேர்த்தே மணல் வாளிக்குள் இறக்கி வெளியே வைத்திருக்கிறேன், ட்யூப் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். இன்று காலை அவர் ஃபோன் செய்தார். அறுந்த வயரைத் திரும்பப் பற்ற வைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

முடியாது, தம்பி.