நோய்க்கு எடுத்த அதிகாரம் நோய் போனப்புறம் எங்க போகுது?

ராமேஸ்வரம் ட்ரெயின்ல வந்தவங்க பாம்பன் பாலத்துக்கு முன்னாடி 'மண்டபம் கேம்ப்'னு ஒரு ஸ்டேஷன் போர்டு பாத்திருப்பீங்க. இப்ப அங்க இலங்கை அகதிகள் இருக்காங்க, ஆனா வெள்ளைக்காரன் காலத்துல அது இலங்கைத் தோட்டத்துக்குப் போற கூலி ஜனங்கள காலரா, பிளேக் பயத்துல அடைச்சு வச்ச இடம். பயம் நெசமான பயம்தான். கொரோனா மாதிரி நோய்ல கிருமி உள்ள போயி 14 நாள் வரைக்கும்கூட ஒண்ணும் வெளிய தெரியாம இருக்கலாம், அதனால நல்லா இருக்குற ஆளையும் தனியா வைக்கத்தான் வேணும்.

சிக்கலே இதுலதான் ஆரம்பிக்குது. ஜனங்கள நகர விடாம நிறுத்தணும், யாரு எங்க போனாங்கன்னு தெரியணும், வதந்திய அடக்கணும், இந்த மூணும் டாக்டருக்கும் தேவை, சர்வாதிகாரிக்கும் தேவை. ஒரே சாவி ரெண்டு பூட்டையும் திறக்குது.

1897ல பம்பாய் பிளேக்குக்காக போட்ட தொற்றுநோய்ச் சட்டத்துல ஆரம்பத்துல மொத்தமே நாலு பிரிவுதான், அதுல ஒண்ணு நல்லெண்ணத்துல செஞ்சதுன்னா அதிகாரி மேல கேஸ் போட முடியாதுங்குது, எப்ப முடியும்னு ஒரு தேதியும் கிடையாது, 2020ல நம்மள அடைச்சதும் அதே சட்டத்த வச்சும்தான். ஹங்கேரில 2020 மார்ச்ல அப்ப பிரதமரா இருந்த ஓர்பானுக்கு கெடு இல்லாம ஆணை போட்டே ஆளுற அதிகாரம் குடுத்தாங்க, பொய்ச் செய்தி பரப்புனா 5 வருஷம் வரை ஜெயில்னாங்க, ஜூன்ல அத எடுத்த கையோட வேற பேர்ல ஒரு அவசரநிலை வந்துச்சு, 2022ல காரணம் உக்ரைன் போர்னு மாறுச்சு. காரணம் மாறுது, அதிகாரம் மாறல. சீனாவுல ஜெங்ஜோவ்ல 2022 ஜூன்ல முடங்குன பேங்க் பணத்த கேட்டு வந்தவங்களோட ஹெல்த் கோட், அதாவது வெளிய நடமாடலாமா கூடாதான்னு போன்ல காட்டுற கொரோனா கலர், திடீர்னு சிவப்பாச்சு, நோயே இல்லாம. 1,317 பேருக்கு அப்படி மாத்துனதா விசாரணைல வந்துச்சு. நோய்க்குன்னு கட்டுன டேட்டாவ ஒரு கிளிக்ல கூட்டம் கலைக்குற லத்தியாக்கிட்டாங்க.

எனக்கு ஆறாம இருக்குறது எதிர்க்கரை இலங்கைல நடந்ததுதான். கீழக்கரைல எங்க தெருவுல பாதி வீட்டுக்கு கொழும்புல சொந்தம் உண்டு. மய்யித்த, அதாவது இறந்த உடல, கபுறுக்குழில அடக்க விடாம எரிக்கிறாங்கன்னு போன் வந்தப்ப பெரியும்மா நம்பவே இல்ல. 2020 மார்ச் ஆரம்பத்துலயே பார்லிமெண்ட்ட கலைச்சாச்சு, ஆகஸ்ட் வரைக்கும் எலெக்‌ஷன் நடக்கல, அந்த இடைவெளிலதான் ஏப்ரல்ல கொரோனால இறந்த எல்லாரையும் எரிக்கணும்னு கெஜட் வந்துச்சு. கேள்வி கேக்க சபையே இல்ல பாருங்க. நிலத்தடி நீர்ல வைரஸ் கலந்துரும்னாங்க. வைரஸ் பெருக உயிருள்ள செல் வேணும், மண்ணுக்குள்ள அது பெருகாது, அடக்கலாம் எரிக்கலாம் ரெண்டும் சரின்னு உலக சுகாதார நிறுவனம் மார்ச்லயே சொல்லிருச்சு. 2021 ஜனவரில இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கலாம்னுச்சு. அப்பவும் விடல. அதுக்கு முந்தின டிசம்பர்ல, பெத்தவங்க சம்மதமில்லாம 20 நாள் கைக்குழந்தைய எரிச்சிருந்தாங்க.

2021 பிப்ரவரி கடைசிலதான் தடைய எடுத்தாங்க. 2024 ஜூலைல இலங்கை அரசு முறைப்படி மன்னிப்பு கேட்டுச்சு. சேதி வந்தன்னிக்கு பெரியும்மா கேட்டாங்க: "போய் நின்னு ஜியாரத் பண்ண அந்தப் புள்ளைக்கு ஒரு கபுறாவது இருக்கா?"