இரைப்பது நெஞ்சு, பயிற்சி காலுக்கு

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது, பல வருடமாக சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய், தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். டாக்டர் பல்மனரி ரிஹாபுக்கு, அதாவது நுரையீரல் நோயாளிகளுக்கான உடற்பயிற்சித் திட்டத்துக்கு, எழுதிக் கொடுத்துவிட்டாராம். "நடந்தாலே இரைக்குது, இவரைப் போய் எக்சர்சைஸ் பண்ணச் சொல்றாங்களே, ஆள் மாறிப்போச்சா சார்?"

சரியான ஆளுக்குத்தான் எழுதியிருக்கிறார்.

சிகரெட்டோ விறகடுப்புப் புகையோ பல வருடம் உள்ளே போனால் மூச்சுக்குழாய் சுருங்கும், நுரையீரல் பழைய எலாஸ்டிக் மாதிரி தொய்ந்துவிடும், இது தெரிந்த கதைதான். அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். இவர்களுக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதில்தான் வம்பு. உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒவ்வொன்றுக்கும் 4 விநாடி கிடைக்கிறது, எப்படியோ விட்டு முடித்துவிடலாம். நடக்கும்போது அது 30 ஆனால் இருப்பது 2 விநாடி. தி.நகரில் பஸ் வந்து நின்றதும், இறங்குகிறவர்கள் இறங்குவதற்குள் கீழே இருப்பவர்கள் முண்டியடித்து ஏறுவார்களே, அதேதான். பழைய காற்று வெளியேறுமுன் புதுக்காற்று வந்து சேர, நெஞ்சு ஊதிக்கொண்டே போகிறது, நெஞ்சுக்கு அடியில் குடை மாதிரி கவிந்திருந்து மூச்சை இழுக்க வேண்டிய தசையான உதரவிதானம் தட்டையாகி இழுக்கும் வலுவை இழக்கிறது. "மூச்சு உள்ள போக மாட்டேங்குது" என்பார் அப்பா. உள்ளே இடமில்லை, அதுதான் விஷயம்.

சரி, கால் எங்கே வந்தது? இரைப்புக்குப் பயந்து நாற்காலியிலேயே இருப்பவருக்குத் தொடைத்தசை வற்றும், ஆக்சிஜனை வைத்து நிதானமாக உழைக்கும் தசையிழைகள் குறையும். நாலு எட்டு வைப்பதற்குள் லாக்டிக் அமிலம் சேரும், ரத்தம் அதைச் சமன் செய்யும்போது கார்பன் டை ஆக்சைடு கூடும், அதைத் துரத்த மூச்சு இன்னும் வேகமாகும். வேகம் கூடினால் மறுபடி பஸ் கதைதான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்று சில வாரம் பயிற்சி கொடுத்தால், அதே தூரத்துக்குக் கால் குறைவான அமிலத்தையே உண்டாக்குகிறது, மூச்சு நிதானப்படுகிறது, வெளியே விட நேரம் கிடைக்கிறது. குழாயில் ஊதி நுரையீரலை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையின் எண் அநேகமாக அப்படியே இருக்கும். ஆனால் கடைக்கு நிற்காமல் போய் வருவார்!

அதனால்தான் ஊதிப் பார்த்த எண்ணை மட்டும் வைத்து இதற்கு ஆள் எடுப்பதில்லை. மூச்சுத்திணறலுக்கு 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் உண்டு. தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்கினால் 2, சமதரையில் 100 மீட்டரில் நின்றால் 3. பொதுவாக 2-லிருந்தே அனுப்பலாம். சிஓபிடிதான் என்றில்லை, காசநோய் குணமான பிறகும் நுரையீரல் தழும்போடு இரைப்பவர்கள், தாம்பரம் சானடோரியம் பக்கம் போனால் பார்க்கலாம், அவர்களுக்கும் பலன் உண்டு. வயதானவர், ஆக்சிஜன் வைத்திருப்பவர், இன்னும் சிகரெட்டை விடாதவர் என்று யாரையும் அந்தக் காரணத்துக்காகவே தள்ளக் கூடாது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், அடங்காத நெஞ்சுவலி உள்ளவர், இதய வால்வு மோசமாகச் சுருங்கியவர், மூட்டு நடக்கவே விடாதவர், இவர்களுக்குத்தான் யோசிக்க வேண்டும்.

2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிஓபிடிக்கு இது பலிக்குமா என்று இனி ஆராயத் தேவையில்லை என்று அந்தக் கேள்வியையே மூடிவிட்டது. அப்புறமும் நம் ஊரில் இது கிடைக்கும் இடங்கள் குறைவு. ஒரு ஹாலும் பிசியோதெரபிஸ்ட் சம்பளமும்தான் செலவு, விற்றுக் காசு பார்க்க மாத்திரை இல்லை, அதனால் இதை எடுத்துப் பரப்ப ஆளில்லை என்பது என் எண்ணம். ஆனால் இரைப்புக்கு உயிர்மீன் விழுங்க ஹைதராபாத் ரயிலேறுகிறவர்களுக்கு மட்டும் குறைவே இல்லை.

முதல் நாள் அப்பாவை 30 மீட்டர் வராந்தாவில் 6 நிமிடம் நடக்கவிட்டு தூரத்தைக் குறிப்பார்கள். நடுவில் நின்று கொள்ளலாம், கடிகாரம் நிற்காது. அந்த எண்ணை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சி முடிவில் சுமார் 30 மீட்டர் கூடினாலே நல்ல பலன் என்று கணக்கு. அப்புறம், ரப்பர் செருப்போடு அனுப்பாதீர்கள், ஷூ வாங்கிக் கொடுங்கள்.