பதின்மூன்று காலடிகளும் 122 வெற்றிகளும்

1977 ஆகஸ்ட் 26 அன்று பெர்லினில் நடந்த 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் அமெரிக்காவின் எட்வின் மோசஸ், மேற்கு ஜெர்மனியின் ஹரால்ட் ஷ்மிட்டிடம் தோற்றுப்போனார். அடுத்து அவர் தோற்றது 1987 ஜூன் 4 அன்று, மாட்ரிட் நகரில், சக அமெரிக்கரான டேனி ஹாரிஸிடம். இரண்டு தோல்விகளுக்கும் நடுவே 9 ஆண்டு, 9 மாதம், 9 நாள். அந்தக் காலத்தில் மோசஸ் தடை தாண்டி ஓடியது 122 முறை. அதில் 107 இறுதிப் போட்டிகள். ஒன்றில்கூட அவருக்கு முன்னால் யாரும் கோட்டைத் தொடவில்லை.

உசேன் போல்ட்டின் 9.58 விநாடி பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். மோசஸின் 122 எத்தனை பேருக்குத் தெரியும்? உலக சாதனைப் பட்டியலில் விநாடிக்கு இடம் உண்டு, தொடர் வெற்றிக்கு இடம் இல்லை. மோசஸின் மிகச் சிறந்த நேரமான 47.02 விநாடியை 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் கெவின் யங் 46.78 ஓடி முறியடித்தார். 2021இல் டோக்கியோவில் நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோம் 45.94 வரை கொண்டுபோய்விட்டார். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு மோசஸ் ஒரு பழைய பெயர்தான். ஆனால் அந்த 122ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், உடற்கூறும் நிகழ்தகவும் சேர்ந்து செய்த ஒரு வேலை கண்ணில் படும்.

முதலில் ஓடுபாதை. ஒரு முழுச் சுற்றில் பத்துத் தடைகள். ஆண்களுக்கு ஒவ்வொன்றின் உயரமும் 91.4 சென்டிமீட்டர். புறப்படும் இடத்திலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், அதன்பின் தடைக்குத் தடை 35 மீட்டர், கடைசித் தடை தாண்டியபின் கோடு வரை 40 மீட்டர். ஆட்டத்தின் சூட்சுமம் முழுக்க அந்த 35 மீட்டரில்தான் இருக்கிறது.

நல்ல ஓட்டக்காரர் தடைக்குச் சுமார் இரண்டு மீட்டர் முன்னாலேயே தரையை விட்டுக் கிளம்புவார், தாண்டி ஒன்றேகால் மீட்டர் தள்ளிக் கால் பதிப்பார். அதைக் கழித்தால் ஓடுவதற்கு மிஞ்சுவது ஏறக்குறைய 31.75 மீட்டர். இதை 15 காலடியில் கடக்க ஒரு காலடி 2.1 மீட்டர் நீளம் இருந்தால் போதும். 13 காலடியில் கடக்க வேண்டுமானால் 2.4 மீட்டருக்கு மேல் வேண்டும். மோசஸின் காலத்தில் பெரும்பாலானவர்கள் முதல் சில தடைகளுக்கு 13 காலடி வைத்து, களைப்பு ஏறியதும் 14க்கோ 15க்கோ மாறுவார்கள். மோசஸ் முதல் தடையிலிருந்து பத்தாவது தடை வரை, ஒன்பது இடைவெளிகளிலும், 13 மட்டுமே வைத்தார்.

காலடி குறைந்தாலே வேகம் கூடிவிடாது. வேகம் என்பது காலடியின் நீளத்தையும், ஒரு விநாடிக்கு எத்தனை காலடி என்பதையும் பெருக்கி வருவது. நீளத்தைக் கூட்டினால் ஒவ்வொரு உதைக்கும் அதிக விசை வேண்டும், தசை சீக்கிரம் தளரும். 13இன் ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அது ஒற்றைப்படை எண் என்பதால் ஒவ்வொரு தடையையும் ஒரே கால்தான் முதலில் தாண்டும். 14க்கு மாறினால் கால் மாறிவிடும், பழகாத காலை முன்னால் வீசவேண்டி வரும். 15க்கு மாறினால் கால் மாறாது, ஆனால் நீளமான ஓட்டத்தை நடுவில் குறுக்கிக்கொள்ள வேண்டும். பாதம் உடலின் நிறை மையத்துக்கு முன்னால் விழுந்து தரையே பிரேக் பிடிக்கும். மாறாமல் ஓடுபவருக்கு இந்த நஷ்டம் எதுவும் கிடையாது. மோசஸ் இரண்டாம் பாதியில் திடீரென்று வேகம் எடுப்பதுபோலத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். மற்றவர்கள் தாளம் மாற்றித் தடுமாறிய அதே இடத்தில் அவர் தன் தாளத்தை விடவில்லை, அவ்வளவே.

எட்டாவது தடைக்கும் ஒன்பதாவது தடைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓட்டம் தொடங்கி ஏறக்குறைய 35 விநாடி ஆகியிருக்கும். தசைக்கு உடனடி ஆற்றல் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் பெருமளவு தீர்ந்துபோயிருக்கும். இப்போது ஆக்சிஜன் போதாமலே குளுக்கோஸை உடைத்துத்தான் உடல் ஓடுகிறது. தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது, தொடை கனக்கிறது, முழங்கால் முன்போல மேலே வர மறுக்கிறது. இந்த நிலையில் ஒவ்வொரு காலடியும் வெறும் 5 சென்டிமீட்டர் குறைகிறது என்று வையுங்கள். 2.4 மீட்டரில் 5 சென்டிமீட்டர் என்பது வெறும் 2 சதவீதம். பதின்மூன்று காலடியில் அது 65 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டு மீட்டர் முன்னால் கிளம்ப வேண்டியவர் 2.65 மீட்டர் முன்னாலிருந்து கிளம்ப வேண்டும். அங்கிருந்து பாய்ந்தால் இறங்கும் கால் தடையின் மேலேயே விழலாம். அதைத் தவிர்க்க உயரமாகத் துள்ளினால் வேகம் போய்விடும். இல்லையென்றால் இன்னொரு குட்டிக் காலடி வைத்து ஆளே தடுமாறவேண்டும். எதிர்க்காற்று அடித்தால் கணக்கு மறுபடியும் மாறும். இந்த 2 சதவீதப் பிழையைக்கூட அனுமதிக்காமல், களைப்பின் உச்சத்தில், ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே காலடி எண்ணிக்கையைக் காப்பாற்றியிருக்கிறார் மோசஸ். 122 ஓட்டம் என்றால் 1,220 தடைகள்.

ஒரு விவரம் சொல்ல வேண்டும். அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் அவர் இயற்பியல் படித்தவர். கல்லூரியில் சேர்ந்தது படிப்புக்கான உதவித்தொகையில், விளையாட்டு ஒதுக்கீட்டில் அல்ல. அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாக ஓடுபாதையே இல்லை, பக்கத்திலிருந்த பள்ளி மைதானங்களில்தான் பயிற்சி. 1976 மார்ச்சுக்கு முன்பு 400 மீட்டர் தடை ஓட்டத்தில் அவர் கலந்துகொண்டதே ஒரு முறைதான். அதே ஆண்டு ஜூலையில் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 47.63 விநாடியில் தங்கம். உகாண்டாவின் ஜான் அகீ-புவா 1972 மியூனிக்கில் ஓடிய 47.82 என்ற உலக சாதனையும் அன்றே தகர்ந்தது.

இனி நிகழ்தகவுக்கு வருவோம். ஒரு வீரர் ஒவ்வொரு போட்டியிலும் வெல்ல 90 சதவீத வாய்ப்பு உள்ளவர் என்றால் அவரை நாம் அசகாய சூரர் என்போம். ஆனால் அவர் தொடர்ந்து 122 முறை வெல்ல, 0.9ஐ 122 முறை பெருக்க வேண்டும். கிடைப்பது சுமார் 3,80,000இல் ஒரு வாய்ப்பு. 95 சதவீதம் என்றாலும் 500இல் ஒன்றுதான். 99 சதவீதம் என்றால் வாய்ப்பு ஏறக்குறைய 29 சதவீதமாகிறது. 122ஐ எட்டும் வாய்ப்பு பாதிக்குப் பாதியாவது இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு ஓட்டத்திலும் 99.4 சதவீதம் தேவை.

“நூறு ஆண்டுகளில் எத்தனையோ பேர் ஓடியிருக்கிறார்கள், யாருக்காவது இப்படி வாய்க்கத்தானே செய்யும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 95 சதவீத வாய்ப்பு உள்ளவர்கள் 500 பேர் இருந்தால் அவர்களில் ஒருவருக்கு வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 122 வாய்த்துவிடலாம். ஆனால் ஒரு விளையாட்டில் ஒரு காலகட்டத்தில் 95 சதவீதம் வெல்பவர் ஒருவருக்கு மேல் இருக்கவே முடியாது. அதிர்ஷ்டத்தின் தலையில் இதைக் கட்ட வழியில்லை.

அந்த 99.4 எங்கிருந்து வருகிறது? சராசரியாக எதிராளியைவிட வேகமாக ஓடுவதால் மட்டும் வராது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இருக்கிறது. மோசஸ் போன்ற ஒருவர் தன் முக்கிய எதிராளியைவிட சராசரியாக ஒரு விநாடி முன்னால் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாருடைய நேரமும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் திட்ட விலக்கம் என்று படித்தோம். இருவருக்கும் அது 0.4 விநாடி என்றால், ஓர் ஓட்டத்தில் வெல்லும் வாய்ப்பு சுமார் 96 சதவீதம். 122 முறையும் வெல்லும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. இப்போது சராசரியைத் தொடாமல், ஏற்ற இறக்கத்தை மட்டும் 0.25 விநாடியாகக் குறையுங்கள். ஓர் ஓட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 99.8 சதவீதத்தை நெருங்கிவிடும், 122 முறையும் வெல்லும் வாய்ப்பு 75 சதவீதமாகிவிடும். வேகம் அதே வேகம்தான். மாறியது சீர்மை மட்டும்.

உலக சாதனை ஒரு வீரரின் மிகச் சிறந்த நாளை அளக்கிறது, தொடர் வெற்றி அவருடைய மிக மோசமான நாளை அளக்கிறது. தூக்கம் கெட்ட நாள், மழை பெய்த நாள், வெளி ஓரத் தடம் கிடைத்த நாள், வயிறு சரியில்லாத நாள். அந்த நாளிலும் மற்றவர்களின் நல்ல நாளைவிட முன்னால் வந்தாரா என்பதுதான் கேள்வி. எங்கே ஓடுவது, எப்போது ஓடாமல் இருப்பது என்று தேர்ந்தெடுத்ததும் இதில் சேரும்தான். உடல் தயாராக இல்லாத நாளில் களம் இறங்காமல் இருப்பதும் மோசமான நாட்களைக் கணக்கிலிருந்து வெட்டிவிடும் ஒரு வழி. அதற்காக 122 எனக்குச் சிறிதாகத் தெரியவில்லை.

வேறு விளையாட்டுகளிலும் நீண்ட தொடர்கள் உண்டு. ஸ்குவாஷில் பாகிஸ்தானின் ஜஹாங்கிர் கான் 1981 முதல் 1986 வரை ஐந்து ஆண்டுக்கு மேல் தோற்கவில்லை. சக்கர நாற்காலி டென்னிஸில் நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கீர் 2003 முதல் 2013இல் ஓய்வு பெறும்வரை ஒற்றையர் ஆட்டங்களில் 470 வெற்றிகளைத் தொடர்ச்சியாகக் குவித்தார். எண்ணிக்கையில் அது 122ஐவிடப் பெரியது, அதுவும் போதிய பாராட்டு கிடைக்காத சாதனைதான். ஆனால் அந்த ஆட்டங்களின் அமைப்பே வலுவானவருக்குக் கை கொடுக்கும். ஐந்து கேம் கொண்ட ஸ்குவாஷில் ஒவ்வொரு கேமையும் 90 சதவீத வாய்ப்போடு ஆடுபவர், மூன்று கேம்களை முதலில் எடுத்து ஆட்டத்தையே வெல்லும் வாய்ப்பு 99 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரு கேமில் சறுக்கினால் அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம். ஏராளமான புள்ளிகளில் நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

தடை ஓட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. 48 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். எவ்வளவு மெல்லிய நூலில் இந்தப் போட்டி தொங்குகிறது என்பதற்கு நம் நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில், பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதல்முறை நடந்தபோது, பி.டி. உஷா 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. அதே ஒலிம்பிக்கில், ஆண்களுக்கான அதே ஓட்டத்தில் 47.75 விநாடியில் தங்கம் வாங்கியவர் மோசஸ்.

அவருக்கு இன்னொரு தங்கம் கிடைத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். 1980 ஜூலையில் மிலானில் 47.13 ஓடி உலக சாதனை படைத்த அதே மாதம்தான் மாஸ்கோ ஒலிம்பிக் தொடங்கியது. அமெரிக்கா புறக்கணித்ததால் அவர் போகவில்லை. அங்கே தங்கம் வென்ற கிழக்கு ஜெர்மனியின் ஃபோல்கர் பெக்கின் நேரம் 48.70. மோசஸின் பெயர் போல்ட்டுக்கும் கார்ல் லூயிஸுக்கும் பக்கத்தில் வைத்துப் பேசப்படாததற்கு இந்தப் புறக்கணிப்பும் ஒரு காரணம்.

அவருடைய சீர்மைக்கு நேரடிச் சான்று அந்த ஒலிம்பிக் நேரங்களிலேயே கிடைக்கிறது. 1976இல் 47.63. 1984இல் 47.75. 1988 சியோலில், 33 வயதில், 47.56. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஓடிய மூன்று இறுதிப் போட்டிகளும் 0.19 விநாடிக்குள் அடங்கிவிட்டன.

சியோலில் ஓடிய 47.56, முந்தைய இரண்டு தங்கங்களின் நேரத்தையும்விடச் சிறந்தது. ஆனாலும் கிடைத்தது வெண்கலம். ஆந்த்ரே பிலிப்ஸ் 47.19, செனகலின் அமாடு தியா பா 47.23. மோசஸின் ஏற்ற இறக்கம் கூடவில்லை, மற்றவர்களின் சராசரிதான் கீழே இறங்கி வந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ரோம் உலகப் போட்டியிலேயே அது தெரிந்துவிட்டது. மோசஸ் 47.46 ஓடி வென்றார். ஹாரிஸும், பத்து ஆண்டுகளுக்கு முன்பு பெர்லினில் அவரை வென்ற ஷ்மிட்டும் 47.48இல் அவரோடு ஒட்டிக்கொண்டே கோட்டைத் தொட்டார்கள். இடைவெளி ஒரு விநாடியிலிருந்து 0.02க்கு வந்துவிட்டால், ஏற்ற இறக்கம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒவ்வொரு ஓட்டமும் நாணயச் சுண்டல்தான். கெவின் யங் அதன்பின் சில இடைவெளிகளில் 12 காலடி வைத்து ஓட ஆரம்பித்தார்.